தனி ஆள் வேலை

“உங்ககூட வேலை பார்த்தது யாரு?” என்று அந்த அதிகாரி அம்மாள் கேட்டபோது சீலிங்காரர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“யாருமில்லீங்க மேடம். நான் மட்டும்தான்.”

யோசித்திருக்கலாம். ஒரு வாய்த் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, நிதானமாக யோசித்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் மனுஷன் யோசித்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார், அது வேறு விஷயம். சொல்லிவிட்டுப் பழக்க தோஷத்தில் தலையை அண்ணாந்து அந்த அறையின் சீலிங்கைப் பார்த்தார். இரண்டு போர்டு சேரும் இடத்தில் டேப் ஒட்டாமல் எவனோ அப்படியே பட்டி மாவைப் பூசிவிட்டுப் போயிருந்தான். குறுக்கே ஒரு விரிசல் ஓடியது. ஊருக்கெல்லாம் வரி போடுகிற ஆபீசிலேயே இந்த லட்சணம் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டார். இப்படி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நேரத்திலும் தொழில்காரன் புத்தி போகாது.

கட்டடத்துக்குள் வயரும் குழாயும் கண்ணில் படாமல் மறைக்கத் தலைக்கு மேலே இன்னொரு பொய்க் கூரை போடுகிறார்கள் இல்லையா, அதுதான் அவர் வேலை. ஆளைவிட நீளமான ஜிப்சம் போர்டு. அதைத் தூக்கிச் சாரத்தின் மேல் நின்று கூரைக் கம்பியோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். இரண்டு கையும் மேலே போய்விடும், அப்புறம் எதால் தாங்குவது? தலையால்தான். ஒருவர் உச்சந்தலையை முட்டுக் கொடுத்து அசையாமல் நிற்க, இன்னொருவர் டிரில்லால் ஸ்க்ரூவை இறக்கிக்கொண்டே போவார். களைத்தால் ஆள் மாறிக்கொள்வார்கள். அந்த இன்னொருவர் யார் என்றால், அவர் மனைவியின் தம்பி. பத்து வருஷத்துக்கு மேலாக இரண்டு பேரும் ஒரே சாரத்தில்தான் நிற்கிறார்கள். இருவருக்கும் உச்சந்தலையில் ஒரே இடத்தில் முடி தேய்ந்திருக்கும். “ரெண்டு பேருக்கும் ஒரே கடையில வழுக்கை போட்டுக் குடுத்தாங்களா?” என்று அக்காக்காரி கேலி செய்வாள்.

இவர்கள் யாரிடமும் சம்பளத்துக்கு இல்லை. கட்டுமான கம்பெனி எவ்வளவு பரப்பு போட்டிருக்கிறார்கள் என்று அளந்து பார்த்துக் காசு கொடுக்கும். லீவும் கிடையாது, போனஸும் கிடையாது, விழுந்தால் ஏன் என்று கேட்க நாதியும் கிடையாது. சொந்தத் தொழில் என்று பெயர், அவ்வளவுதான். வரி நம்பர் இருக்கிறவனுக்குத்தான் கம்பெனி காசு போடும். நம்பர் சீலிங்காரரிடம்தான் இருந்தது. “உங்க நம்பர்லயே போட்டுடுங்க மாமா” என்றான் மச்சினன். போட்டார்கள். மொத்தமும் அவர் கணக்கில் வரும். வந்த அன்றைக்கே எடுத்துச் சரிபாதியை மச்சினன் கையில் வைத்துவிடுவார். ஒரு சீட்டு, ஒரு கையெழுத்து, ஒன்றும் கிடையாது. பெண்டாட்டியின் தம்பியிடம் யாராவது ரசீது கேட்பார்களா? கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் சோறு கிடைக்குமா?

வருஷக் கடைசியில் வரி கட்டும்போது தன் பாதியை மட்டும் காட்டினார். ஜெராக்ஸ் கடை ஓரத்தில் மேசை போட்டிருக்கும் ஒரு மனிதர்தான் எழுதிக் கொடுப்பார். அவர் ஆடிட்டரே இல்லை, ஆனால் எல்லாரும் ஆடிட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் மறுத்ததில்லை. “உன் கையில நின்னது எவ்வளவோ அதை எழுதினா போதும்” என்றார் அவர். நியாயமாகத்தானே பட்டது? தன் கை வழியாகப் போன காசெல்லாம் தன் காசாகுமா என்ன? இப்படித்தான் வருஷக்கணக்காக ஓடியது. பிறகு கம்பெனி கொடுக்கிற ஒவ்வொரு காசும் நேராக வரி ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர ஆரம்பித்தது. அது காட்டிய தொகை ஒன்று, இவர் எழுதிய தொகை அதில் பாதி. போதாதா?

உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். மச்சினனுக்கு ஒரே பெண் குழந்தை. எல்லாரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். ரத்தம் ஊறாத வியாதி. மாசம் தவறாமல் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து ரத்தம் ஏற்ற வேண்டும், அதனால் உடம்பில் சேரும் இரும்பை எடுக்க நாள் தவறாமல் மருந்து கொடுக்க வேண்டும். எல்லாம் அரசாங்கம் கொடுத்த ஓர் அட்டையில் இலவசமாக நடந்துகொண்டிருந்தது. வருமானம் ஒரு வரம்புக்குள் இருக்கிறவர் பிள்ளைக்குத்தான் அந்த அட்டை. நிலையான வருமானம் எதுவும் இல்லை என்று மச்சினன் கையெழுத்துப் போட்டிருந்தான். பொய்தான், யார் இல்லையென்றது? ஆனால் அவனுடைய அந்தப் பாதி வருமானம் அட்டைக்கு வேண்டிய வரம்பைச் சற்றே தாண்டும், அந்த மருந்தின் விலைக்குப் பக்கத்தில்கூடப் போகாது. நடுவில் மாட்டிக்கொண்டவன் என்ன செய்வான்? வரி ஆபீசில் மச்சினன் பெயர் ஒரு தடவை ஏறினால் அட்டை போய்விடும். அதனால்தான் “நான் மட்டும்தான்” என்றார் சீலிங்காரர்.

அதிகாரி அம்மாள் கத்துகிற ரகமில்லை. கத்தினாலாவது பதிலுக்கு நாமும் நாலு வார்த்தை பேசலாம். அவர் பாட்டுக்கு மெதுவாகக் கம்பெனியின் அளவு பில்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார்.

“இந்த கிளினிக் கட்டடம். எல்லா மாடியும் ஒரே மாசத்துல முடிச்சிருக்கீங்க. தனியாவா?”

“ஆமாங்க. நான் கொஞ்சம் வேகம்.”

அவர் சிரிக்கவில்லை. “புரிஞ்சு பேசுங்க. தனியா செஞ்சிருந்தா மொத்தமும் உங்க வருமானம். வரி, அபராதம், வட்டி எல்லாம் கட்டணும். கட்டினா கேஸ் முடிஞ்சுது. ஆள் இருந்திருந்தா அது வேற. அந்த ஆளையும் கூப்பிடுவோம்.”

“ஆளே இல்லீங்க.”

“அப்போ மொத்தமும் உங்களுதுன்னு எழுதிக்கிறேன்.”

“எழுதிக்குங்க” என்றார். எழுதிக்கொள்ளச் சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய தொகை என்று உறைத்தது. 

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

“வேனை வித்துடறேன். உன் நகையும் கொஞ்சம் வேணும்” என்றார்.

“நகையை எடுத்துக்குங்க, அதுக்கென்ன. ஆனா வேன் போனா எதை வெச்சு வேலைக்குப் போவீங்க? போர்டைத் தலையில சுமந்துக்கிட்டு பஸ்ஸுல போவீங்களா?”

“உன் தம்பி பேரைச் சொல்லிடட்டுமா? சொல்லு. பாதி சுமை குறையும்.”

அவள் அடுப்பிலிருந்த பாத்திரத்தை நங்கென்று இறக்கினாள். பிறகு அழுகையும் ஆத்திரமுமாக வெடித்தாள். “என்னை ஏன் கேக்கறீங்க? நான் எதைச் சொன்னாலும் பாவி ஆயிடுவேனே! உங்களைக் கட்டிக்கிட்டு என் தம்பிக்கும் சேர்த்து உழைக்க வெச்சேனே, எனக்கு நல்லா வேணும்!” என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவர் போய்க் கை கால் கழுவிக்கொண்டு வந்தார். அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

மறுவாரம் பெட்ரோல் போடப் போன இடத்தில் கார்டு செல்லவில்லை. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள். அவர் கார்டைச் சட்டையில் துடைத்துத் துடைத்துப் போட்டுப் பார்த்தார், துடைத்தால் காசு வந்துவிடும் போல. பாங்கில் போய்க் கேட்டால், பாக்கிக்காக வரி ஆபீஸ் கணக்கை முடக்கி வைத்திருக்கிறது என்றார்கள். கம்பெனி சூப்பர்வைசர் அதுவரை நாளைக்கு நாலு தடவை போன் செய்கிறவர், “விசாரணை முடியட்டும் தலைவரே, மேலிடத்துல தயங்கறாங்க” என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு அப்புறம் போனை எடுக்கவே இல்லை. கூடவே தொழில் செய்கிற மற்றவர்களும் கண்டும் காணாமல் ஒதுங்கினார்கள். தொற்று வியாதிக்காரனைப் பார்க்கிற மாதிரிதான்.

வரி ஆபீஸ் வராந்தாவில் மட்டும் ஒரு ஜமா இருந்தது. எல்லாரும் அவர் மாதிரி சொந்தத் தொழில்காரர்கள். பிளம்பர், லாரிக்காரர், லிஃப்ட் பழுது பார்க்கிறவர் என்று ஆளுக்கொரு பிளாஸ்டிக் பை நிறைய பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

“புதுசா?” என்றார் பிளம்பர்.

“ஆமாங்க.”

“நான் பழையவன். என் கேஸ் ஆரம்பிச்சப்ப என் பையன் தவழ்ந்துக்கிட்டு இருந்தான். இப்ப ஸ்கூலுக்குப் போறான். கேஸ்தான் இன்னும் தவழுது.”

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்ததும் பிளம்பர், “ராத்திரில தூக்கம் வருதா?” என்று சாதாரணமாகக் கேட்டார். சீலிங்காரர் இல்லையென்று தலையாட்டினார். “எனக்கும் வர்றதில்ல. குழாய் ஒழுகற சத்தம் கேக்குது, எந்திரிச்சுப் போய்ப் பார்த்தா ஒண்ணும் ஒழுகல” என்றார் பிளம்பர். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

தனி ஆள் வேலை என்பதை மேலிடம் நம்பவில்லை போலிருக்கிறது, பிறகு ஒரு நாள் சோதனைக்கு வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அதிகாரி அம்மாளும் அவரோடு ஒரு ஆளும். அலமாரியைத் திறந்து பார்த்தார்கள், ஃபிரிஜ்ஜைப் பார்த்தார்கள், தையல் மெஷின் எப்போது வாங்கியது என்று கேட்டார்கள். அந்த மெஷின் அவள் கல்யாணத்துக்கு முன்னாலேயே வாங்கியது. அதைச் சொல்வதற்குள் அவளுக்கு நாக்கு குழறிவிட்டது. திருடினவளுக்குக்கூட அப்படிக் குழறியிருக்காது. எதிர் வீட்டுக் கதவு ஒரு விரல் அகலம் திறந்தே இருந்தது.

அன்றைக்கென்று பாப்பா அங்கே இருந்தது. ரத்தம் ஏற்றிய மறுநாள் அத்தை வீட்டில் விட்டுப் போவார்கள். கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருக்க, மேசையடியில் உட்கார்ந்து படம் போட்டுக்கொண்டிருந்தது.

“உங்க பொண்ணா?” என்றார் அதிகாரி.

“இல்லீங்க, என் தம்பி பொண்ணு” என்றாள் மனைவி.

“தம்பி என்ன வேலை?”

“கிடைச்ச வேலைக்குப் போவான். நிலையா ஒண்ணும் இல்லீங்க.”

பாப்பா தலையை நீட்டி, “எங்கப்பா மேல நிப்பாங்க. மாமாவும்” என்று சொல்லிக் கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டியது. மனைவி பாய்ந்து போய் அதைத் தூக்கிக்கொண்டாள். “வா கண்ணு, மருந்து குடிக்கணும்” என்று உள்ளே கொண்டுபோனாள். மருந்துக்கு நேரமே ஆகவில்லை. அதிகாரி அம்மாள் பஞ்சு ஒட்டிய அந்தக் கையையே பார்த்தார். ஒன்றும் எழுதவில்லை. 

அதற்கப்புறம்தான் அந்தக் கடிதம் வந்தது. தனியாகவே வேலை செய்ததாகச் சொல்வதால், அதை நேரில் செய்து காட்ட வேண்டும். கம்பெனி வேலை நடக்கும் கட்டடத்தில் ஏற்பாடு செய்யப்படும். ஒரு முழு போர்டைத் தனி ஆளாகத் தூக்கிப் பொருத்திக் காட்டினால் போதும்.

ஆடிட்டர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “இப்படி ஒரு கூத்தை நான் கேள்விப்பட்டதே இல்லப்பா. சர்க்கஸா நடத்தறாங்க? சரி, தூக்கிட முடியுமா?”

“முட்டுக் கட்டை வெச்சுத் தூக்கலாம். தனியா செய்யறவங்க அப்படித்தான் செய்வாங்க.”

“அப்ப தூக்கிடு. தூக்கிட்டா இந்தம்மாவால ஒண்ணும் பண்ண முடியாது. வரி உன்னோட போயிடும். தூக்கலைன்னா தோண்டுவாங்க. தோண்டினா மச்சினன்தான் முதல்ல கிடைப்பான்.”

ஆக, பாப்பாவின் அட்டை ஒரு போர்டில் வந்து நின்றது.

மரத்தில் ஆங்கில டி எழுத்து மாதிரி ஒரு முட்டுக் கட்டை செய்துகொண்டார். போர்டின் ஒரு முனைக்கு அதை முட்டுக் கொடுத்துவிட்டு, மறுமுனையைத் தலையால் தாங்கி, ஒரு கையால் ஸ்க்ரூ இறக்க வேண்டும். அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் தெரிந்தவர் ஒருவரின் அனுமதியோடு பழகினார். இடுப்பில் ஸ்க்ரூ பையும் டிரில்லும், வாயில் நாலு ஸ்க்ரூ. முதல் தடவை போர்டு சரிந்து மூலை உடைந்தது. அடுத்த தடவையும் அப்படியே. மனைவி தூண் ஓரமாக நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தாள். வயசென்ன குறைவா? இருபதில் செய்ய வேண்டிய வித்தையை ஐம்பதில் செய்தார். ஆனால் மனுஷன் விடவில்லை. நாலைந்து நாளில் கைவந்துவிட்டது. பொருத்தி முடித்துக் கீழே இறங்கி, “பார்த்தியா? இவ்வளவு நாளும் உன் தம்பி தண்டச் சம்பளம் வாங்கியிருக்கான்!” என்றார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அன்றைக்கு அவர் கழுத்துக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். கழுத்து இடது பக்கம் திரும்பவே இல்லை.

மச்சினனும் வேறு வழியில்லாமல் பிழைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாமாவோடு நிற்கக் கூடாது என்றானதும், அதே கம்பெனியில் பெயின்டர்களோடு சேர்ந்து பட்டி தேய்க்கிற வேலைக்குப் போனான். அன்றாடக் கூலி, யாருடைய பெயரும் எழுதாத கூலி. எங்கேயோ ஒரு கட்டடத்தில் செய்து காட்டச் சொன்னார்களே, அது அவன் பட்டி தேய்த்துக்கொண்டிருந்த கட்டடமாகவே போய்விட்டது. விதி என்று சொல்லலாம். அந்தக் கம்பெனிக்கு அப்போது அந்த ஒரு கட்டடத்தில்தான் வேலை நடந்தது என்றும் சொல்லலாம்.

“நாளைக்கு நீ வராதடா மாப்ள” என்று முந்தின நாளே சொன்னார்.

“லீவு கேட்டேன் மாமா. போனா திரும்பி வராதேங்கறான் சூப்பர்வைசர்.”

“அப்ப தூரமா நில்லு. நான் யாரோ, நீ யாரோ. என் மேல கட்டடமே விழுந்தாலும் நீ திரும்பிப் பார்க்கக் கூடாது.”

“சரி மாமா.”

“பாப்பாவை நெனச்சுக்கோ.”

“அதைத்தான மாமா நெனச்சுக்கிட்டே இருக்கேன்” என்றான். 

நீளமான நடைவழி. அதன் ஒரு கோடியில் மச்சினன் முகத்தில் துணி கட்டிக்கொண்டு சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தான். தலை முதல் கால் வரை வெள்ளைத் தூள், யாரென்று பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. இந்தப் பக்கம் சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். அதிகாரி அம்மாளும் அன்றைக்கு அவரோடு வீட்டுக்கு வந்த ஆளும் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். சீலிங்காரருக்கு போர்டைத் தொட்டவுடனே தெரிந்துவிட்டது. அவர் பழகியது சாதாரண போர்டு. இது குளியலறைப் பக்கம் போடுகிற ஈரம் தாங்கும் போர்டு, இன்னும் தடிமன், இன்னும் கனம்.

“இது வேற போர்டு” என்றார் சூப்பர்வைசரிடம்.

“இங்க இதுதான் இருக்கு தலைவரே.”

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பில்லில் இந்த போர்டும்தான் இருக்கிறதே, இதையும் தனியாகத்தானே போட்டதாகச் சொல்லியிருக்கிறார்? சாரத்தில் ஏறினார்.

தூக்கிவிட்டார். ஆமாம், நிஜமாகவே தூக்கிவிட்டார். கழுத்து நரம்பெல்லாம் புடைக்க, பல்லில் ஸ்க்ரூவைக் கடித்துக்கொண்டு, ஒரு முனையில் முட்டுக் கட்டையைக் கொடுத்து, மறுமுனையைத் தலையில் ஏற்றி, கம்பியோடு ஒட்டிக்கொண்டு போய் நிறுத்திவிட்டார். இனி முதல் ஸ்க்ரூ இறங்கினால் போதும். டிரில்லை எடுக்க இடுப்புக்குக் கையைக் கொண்டுபோனார். தரையெல்லாம் பட்டித் தூள். அதில் முட்டுக் கட்டையின் கால் சர்ரென்று வழுக்கியது.

போர்டின் மொத்தக் கனமும் அவர் தலைக்கு வந்தது. கழுத்து ஒரு பக்கமாக மடங்கியது. சாரத்தின் சக்கரம் நகர ஆரம்பித்தது. “ஐயோ” என்றார் அதிகாரி அம்மாள். அதற்குள் நடைவழியின் அந்தக் கோடியிலிருந்து ஒரு வெள்ளை உருவம் ஓடி வந்து, சாரத்தில் தாவி ஏறி, சரிந்த முனைக்கடியில் தலையைக் கொடுத்து நிமிர்ந்தது.

“விடுங்க மாமா. கழுத்தை எடுங்க. நான் புடிச்சிட்டேன்.”

சொல்லிக்கொண்டே அவன் ஒரு கையால் மாமாவின் இடுப்பிலிருந்து டிரில்லை உருவினான். எங்கே இருக்கிறது என்று குனிந்துகூடப் பார்க்கவில்லை. மறு கையை நீட்டினான், மாமா பல்லிலிருந்து ஸ்க்ரூவை எடுத்து அதில் வைத்தார். ஒன்று, இரண்டு என்று விறுவிறுவென்று இறங்கியது. யாரும் யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவர் நகர அவன் நகர்ந்தான், அவன் குனிய இவர் தாங்கினார். பாதியில் விட்ட போர்டு தலையில் விழும் என்பதால் கடைசி ஸ்க்ரூ வரை அடித்து முடித்தார்கள். அப்புறம்தான் இரண்டு பேருக்கும் சுயநினைவு வந்தது. மச்சினன் கையிலிருந்த டிரில்லையே பார்த்தான். 

“யாரு இவரு?” என்றார் அதிகாரி அம்மாள்.

“தெரியாதுங்க. பட்டி பார்க்கிறவர் யாரோ. நல்ல மனுஷன், ஓடி வந்து பிடிச்சாரு” என்றார் சீலிங்காரர். கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பிச் சொன்னார்.

“மாமான்னு கூப்பிட்டாரே?”

“சைட்டுல வயசானவங்களை எல்லாரும் அப்படித்தாங்க கூப்பிடுவாங்க.”

அதிகாரி அம்மாள் மச்சினனைப் பார்த்து, “துணியைக் கழட்டுங்க” என்றார். அவன் கழற்றினான். சின்னதாக ஒரு மூக்கு, சற்றே மேலே தூக்கின புருவம், அப்படியே மேசையடியில் பார்த்த முகம்.  சூப்பர்வைசர் செருமிக்கொண்டு அங்கிருந்து நழுவினார்.

“குழந்தை அன்னிக்குச் சொன்னதை நான் எழுதல. கவனிச்சீங்களா?” என்றார் அதிகாரி அம்மாள், குரலைத் தாழ்த்தி.

சீலிங்காரர் சாரத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“குழந்தை சொன்னதை வெச்சு எழுத எனக்கு மனசு வரல. ஆனா தனியா செஞ்சீங்கன்னு முடிக்க ஏதாவது ஒண்ணு வேணுமே, மேல கேப்பாங்களே. அதுக்குத்தான் இந்தச் சோதனையைப் போட்டேன். நீங்க எப்படியாவது தூக்கிடுவீங்கன்னு நெனச்சேன்.” அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். “இப்போ என் கண்ணால பார்த்துட்டேன். கூட வந்த ஆபீசரும் அங்க நிக்கறாரு, அவரும் பார்த்துட்டாரு. பார்த்ததை எழுதாம இருக்க முடியாது.”

“மேடம், வரி முழுசும் நானே கட்டறேன். அபராதமும் கட்டறேன். எத்தனை வருஷமானாலும் கட்டறேன். இவன் பேரை மட்டும்…” சீலிங்காரர் சாரத்திலிருந்து இறங்கவும் மறந்து மேலேயே நின்று கும்பிட்டார். ஐம்பது வயசு மனுஷன் அப்படிக் கும்பிடுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அதிகாரி அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேனாவை எடுத்தார். பேர் என்ன என்று கேட்டார். மச்சினன் சொன்னான்.

மச்சினன் ஓட்ட, இன்னும் விற்காத அந்த வேனில் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். வாசலிலேயே காத்துக்கொண்டிருந்த மனைவி இருவரும் சேர்ந்து இறங்குவதைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். ஆனாலும் கேட்டாள்.

“தூக்கிட்டீங்கதான?”

“தூக்கினேன்” என்றார் அவர். “கட்டை வழுக்கிடுச்சு.”

“நான் போய்ப் புடிச்சிட்டேன்கா” என்றான் தம்பி.

அவள் கையை ஓங்கி அவன் கன்னத்தில் விட்டாள். ஒன்றல்ல, மாறி மாறி விட்டாள். அவன் தடுக்கவில்லை. “ஏண்டா போன? ஏண்டா போய்ப் புடிச்ச? அவர்தான் வராதன்னாரே! உனக்குப் புள்ளை இருக்கறது மறந்துபோச்சா? பாவி, உனக்கு அந்த நேரத்துல பாப்பா ஞாபகம் வரலையாடா?”

“வரலக்கா” என்றான் அவன். “ஒண்ணுமே ஞாபகம் வரல. கை தானா போயிடுச்சு.”

அவள் அடித்த கையாலேயே அவன் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவள் உடம்பெல்லாம் பட்டித் தூள் ஒட்டியது. அவன் தோளுக்கு மேலாகப் புருஷனைப் பார்த்தாள். ஒரு பக்கம் சாய்ந்த கழுத்தோடு அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நீ புடிக்காம விட்டிருந்து இவருக்கு ஏதாவது ஆயிருந்தா, ஜென்மத்துக்கும் உன்னை மன்னிச்சிருக்க மாட்டேன்டா” என்றாள். “இப்ப புடிச்சதுக்கும் மன்னிக்க மாட்டேன்.”

பிறகு எல்லாரும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டே, “வர்ற தடவை ரத்தம் ஏத்த அட்டை ஓடும்கா. என் பேரு அட்டை ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஏறக் கொஞ்ச நாளாகும்னு ஆடிட்டர் போன்ல சொன்னாரு. அதுக்கு அடுத்த தடவைதான்…” என்று நிறுத்தினான்.

“வெளியில ரத்தம் ஏத்த எவ்வளவு ஆகும்? அந்த மருந்து என்ன விலை?” என்று கேட்டாள் அவள்.

இரண்டு ஆண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவருக்கும் தெரியவில்லை. அதை விலை கேட்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இதுவரை வந்ததில்லை.